கண்மணியைக் காக்கும் மரபணு

வளர்வது உயிரின் இயல்பு. வளர்ச்சியை வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வதும் உயிரின் இயல்பே. விரலில் சிறு வெட்டுக்காயம் ஏற்படுகிறது. சில நாட்களில் காயத்தின் இரு ஓரங்களிலும் உள்ள தோல் வளர்ந்து ஒன்றுகூடுகிறது. கூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அவ்வாறு நில்லாமல் தோல் மேலும் மேலும் வளர்ந்துகொண்டே போனால் விரலின் நிலை என்னவாகும்? காயத்தை ஆற்றிய வளர்ச்சியே விரலை அழித்துவிடும் அன்றோ? 'வளர்' என்று ஏவும் ஆற்றல் நம் உடலில் இருப்பது போலவே, 'நில்' என்று தடுக்கும் ஆற்றலும் இருக்கிறது. இவ்விரண்டும் ஒத்து இயங்கும் வரையில் உடல் நலமாக இருக்கும்.

'நில்' என்னும் ஆணைக்கு அடங்காமல் உயிரணுக்கள் பெருகுவதே புற்றுநோய். அந்த ஆணை உடலில் எங்கே எழுதப்பட்டுள்ளது? அது எவ்வாறு அழிகிறது? இவ்வினாக்களுக்கு முதன்முதலாகத் தெளிவான விடை கிடைத்தது, பச்சிளங் குழந்தைகளின் கண்ணில் தோன்றும் ஓர் அரிய நோயின் வாயிலாகவே ஆகும். அந்த விடை கிடைத்த வரலாற்றையும், அதனால் இன்று குழந்தைகள் காக்கப்படும் வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

நம் கண்ணின் உட்புறத்தில், பின்பக்கச் சுவரை ஒட்டி மெல்லிய திரை ஒன்று உள்ளது. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் காணும் பொருள்களின் உருவம் அதன்மீது விழுகிறது. அங்கிருந்து பார்வை நரம்பின் வழியாகச் செய்தி மூளைக்குச் செல்கிறது. குழந்தை கருவில் இருக்கும்போதும், பிறந்த பின் சிறிது காலமும், இத்திரையின் இளம் உயிரணுக்கள் பெருகி வளர்கின்றன. பின்னர் அவை முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திக்கொள்கின்றன. முதிர்வதற்கு முன்பே ஓர் உயிரணு நெறி தவறிப் பெருகத் தொடங்குமாயின், அது கட்டியாகத் திரண்டுவிடும். இதனை விழித்திரைப் புற்று என்று கூறலாம். மருத்துவ நூல்கள் இதற்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர் தருகின்றன.

பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பேரில் ஒருவர்க்கு இந்நோய் வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே இது வெளிப்பட்டுவிடும். கருவிழியின் நடுவில் உள்ள வட்டமான கண்மணி கருமையாக இருப்பதே இயல்பு. உள்ளே கட்டி வளரும்போது அந்தக் கருமையில் ஒரு வெண்மை தோன்றும். இரவில் விளக்கொளி பட்டால் பூனையின் கண்ணைப் போல அது பளபளக்கும். குழந்தைக்கு வலி இராது. அது வழக்கம்போலச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். அதனாலேயே பெற்றோர் பலர் அந்த ஒளியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். கட்டியோ நாளுக்கு நாள் வளர்ந்து, பார்வை நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்கிறது. மருத்துவம் செய்யாது விட்டால் குழந்தையின் உயிருக்கே முடிவு நேர்கிறது.

முற்காலத்தில் இந்நோய்க்கு ஆளான குழந்தை பிழைத்தல் அரிது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட்ராப் என்னும் அறுவை மருத்துவர், 1809ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில், இது ஒரு தனி நோய் என்றும், விழித்திரையிலிருந்தே தோன்றுவது என்றும் எடுத்துரைத்தார். நோய் முற்றுவதற்கு முன்னரே கண்ணை அகற்றிவிட்டால் உயிரைக் காக்கலாம் என்றும் அவர் கூறினார். அறுவை மருத்துவத்தில் மயக்க மருந்து வழங்கத் தொடங்காத காலம் அது. உணர்வோடு இருக்கும் குழந்தையின் கண்ணை எடுப்பது என்றால், எந்தத் தாயின் நெஞ்சம் பொறுக்கும்? ஆதலின் அவருடைய அறிவுரை எளிதில் பயன்படுவதாயில்லை. 1846இல் மயக்க மருந்து அறுவை மருத்துவத்திற்கு வந்தது. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்மோல்ட்ஸ், கண்ணின் உட்புறத்தை ஒளி செலுத்திக் காணும் கருவியை உலகிற்கு அறிவித்தார். இவ்விரண்டும் வந்த பின்னர், நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, கண்ணை அகற்றி, உயிரைக் காத்தல் இயல்வதாயிற்று.

இவ்வாறு குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பின்னர்ப் புதியதொரு செய்தி வெளிப்பட்டது. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் இலாரியோ டி கோவேயா என்னும் கண் மருத்துவர் இருந்தார். அவர் 1872ஆம் ஆண்டில் ஒரு சிறுவனின் நோயுற்ற கண்ணை அகற்றி அவனைப் பிழைக்கச் செய்தார். அச்சிறுவன் வளர்ந்தான், இளைஞனானான், மணம் புரிந்துகொண்டான். அவனுக்குக் குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் பெண் குழந்தைகள் இருவர்க்கு அதே நோய் தோன்றியது. தந்தைக்கு ஒரு கண்ணில் வந்த நோய், மகளிர்க்கு இரு கண்களிலும் வந்தது. நோயுற்ற குழந்தைகள் இளமையிலேயே மாய்ந்துவந்த வரையில், இது வழிவழியாக வரக்கூடியது என்பது எளிதில் புலப்படவில்லை. ஒரு குழந்தை பிழைத்துத் தந்தையான பின்னரே அவ்வுண்மை கண்முன் நின்றது.

ஆயினும், இதில் ஒரு புதிர் இருந்தது. இந்நோய் சில குடும்பங்களில் தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைகளுக்கு வந்தது. வேறு பல குடும்பங்களிலோ முன்னோர் எவர்க்கும் இந்நோய் இல்லாதிருந்தும் ஒரு குழந்தைக்கு மட்டும் வந்தது. சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும் வந்தது. அவர்களிடம் நோய் ஏறத்தாழ ஒரு வயதிலேயே வெளிப்பட்டது. சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் வந்தது. அவர்களிடம் அது ஏறத்தாழ இரண்டு வயதில் வெளிப்பட்டது. ஒரே நோய் இவ்வாறு இரு வேறு வகையில் நடந்துகொள்வதற்குக் காரணம் யாது?

இதை அறிவதற்கு முன் மரபணு என்பது யாது என்று சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும். நம் உடல் பல லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. இந்த எண்ணிக்கை 1956ஆம் ஆண்டில்தான் உறுதி செய்யப்பட்டது. இவற்றுள் 23 தந்தையிடமிருந்தும் 23 தாயிடமிருந்தும் வந்தவை. குரோமோசோம்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையால் ஆனவை. அவ்விழையில், நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட நூல் போல, உடலின் அமைப்பும் செயலும் பற்றிய குறிப்புகள் அடங்கியுள்ளன. இன்ன புரதத்தை இவ்வாறு ஆக்குக என்று கூறும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மரபணு ஆகும். அத்தகைய மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்னும் பழமொழியின் உட்பொருள் இம்மரபணுக்களிலேயே அடங்கியிருக்கிறது.

இங்கே நாம் நினைவில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கின்றன. தந்தை தந்த படி ஒன்று. தாய் தந்த படி ஒன்று. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்நூல் முழுவதும், ஏறத்தாழ 600 கோடி எழுத்துக்களும், மீண்டும் எழுதப்படுகின்றன. இவ்வளவு பெரிய நூலைப் படியெடுக்கும்போது எங்கேனும் ஓர் எழுத்துப் பிழை நேர்வது வியப்பன்று. பெரும்பாலான பிழைகளை உயிரணு தானே திருத்திக்கொள்கிறது. திருத்தப்படாது எஞ்சும் பிழை, மரபணு ஒன்றின் பொருளையே கெடுத்துவிடுவதும் உண்டு.

நிற்க. நாம் கண்ட புதிரை விடுவித்தவர் ஆல்ஃபிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துவந்தார். குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவது அவர் உள்ளத்தை உறுத்தியது. நெடுங்காலம் வாழ்ந்து முதியவர்க்கு வரும் நோய், பிறந்து ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு ஏன் வருகிறது என்று அவர் சிந்தித்தார். அம்மருத்துவமனைக்கு வந்திருந்த 48 குழந்தைகளின் குறிப்புகளை எடுத்துக்கொண்டார். எவர்க்கு எந்த வயதில் நோய் காணப்பட்டது, ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா, எத்தனை கட்டிகள் என்பவற்றைக் கணக்கிட்டு வரைபடமாக வரைந்தார். புதிய கருவி எதனையும் அவர் நாடவில்லை. தாளில் இட்ட கணக்கே அவருக்குக் கருவியாயிற்று. தம் முடிவை அவர் 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவை ஓர் உவமையால் விளக்குவோம். ஏரியின் மதகு ஒன்றில், நீரைத் தடுத்து நிறுத்த ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பலகைகள் இடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒரு பலகை உளுத்துப்போனாலும் மற்றது நீரைத் தாங்கும். இரண்டும் உளுத்தால்தான் வெள்ளம் பாய்ந்து பயிரை அழிக்கும். இத்தகைய மதகுகள் நூறு இருக்கட்டும். வேறோர் இடத்தில் உள்ள நூறு மதகுகளிலோ தொடக்கத்திலேயே ஒரு பலகை இல்லை. எஞ்சிய ஒரு பலகையே நீரைத் தாங்குகிறது. எங்கே உடைப்பு முதலில் நேரும்? ஒற்றைப் பலகை மதகுகளில் முதல் நாள் தொட்டே ஆங்காங்கே உடைப்புக் காணத் தொடங்கும். இரட்டைப் பலகை மதகுகளில் நெடுநாள் ஒன்றும் நேராது. முதற்பலகைகள் உளுத்த பின்னரே உடைப்புகள் மெல்ல மெல்லத் தோன்றும். உடைந்த மதகுகளையும் உடைந்த நாட்களையும் எழுதி வைத்தால், அக்கணக்கைப் பார்த்தே எந்த மதகில் எத்தனை பலகைகள் இருந்தன என்று கூறிவிடலாம் அல்லவா?

நட்சன் செய்தது இதுவே. இரு கண்களிலும் நோயுற்ற குழந்தைகளின் கணக்கு ஒற்றைப் பலகை மதகின் கணக்கை ஒத்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் நோயுற்ற குழந்தைகளின் கணக்கு இரட்டைப் பலகை மதகின் கணக்கை ஒத்திருந்தது. ஆகவே, விழித்திரையின் உயிரணு புற்றாக மாறுவதற்கு இரண்டு கேடுகள் நேர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு வகைக் குழந்தைகள் முதற்கேட்டைப் பிறக்கும்போதே உடன் கொண்டு பிறக்கின்றனர். மற்றொரு வகைக் குழந்தைகளுக்கு இரண்டு கேடுகளும் பின்னரே நேர்கின்றன. இதனை அறிவியலார் இரு தாக்குக் கொள்கை என்று வழங்குகின்றனர்.

இக்கொள்கை புதிரின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தது. பழுதுற்ற படி ஒன்றைப் பெற்றோரிடமிருந்து பெற்ற குழந்தையின் விழித்திரையில், உள்ள உயிரணுக்கள் அனைத்திலும் முதற்பலகை இல்லை. ஓர் உயிரணுவில் இரண்டாம் படியும் கெடுவது மிக அரிதே. ஆனால், அத்திரையில் பெருகும் உயிரணுக்களோ பல லட்சம். அத்தனைக்குள் சிலவற்றில் இரண்டாம் கேடு நேர்வது ஏறத்தாழ உறுதியாகிவிடுகிறது. அவ்வாறு பிறந்த ஒரு குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் தோன்றும் என்று நட்சன் கணக்கிட்டார். ஆதலால்தான் நோய் விரைவில் வருகிறது. பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது. சராசரி மூன்று என்பதால் அனைவர்க்கும் மூன்று என்று கொள்ளுதல் கூடாது. சிலர்க்கு ஒரே கட்டி தோன்றும். மிகச் சிலர்க்கு ஒன்றும் தோன்றாது. ரியோ நகரத்துச் சிறுவனுக்கு ஒரு கண்ணிலும் அவன் மகளிர்க்கு இரு கண்களிலும் நோய் வந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. இரண்டு நல்ல படிகளுடன் பிறந்த குழந்தைக்கோ, ஒரே உயிரணுவில் இரண்டு கேடுகளும் நேர்ந்தாக வேண்டும். அது மிகமிக அரிது. நேர்ந்தாலும் காலந்தாழ்த்தே நேரும். ஒரு கண்ணில் ஒரு கட்டியாகவே நேரும்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படுகிறது. நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்னர் எவர்க்கும் இந்நோய் இருந்ததில்லை. முதற்கேடும் அக்குழந்தையிடமே புதிதாகத் தோன்றியிருக்கும். அல்லது அக்குழந்தை உருவாவதற்குக் காரணமான அணுவில் புதிதாகத் தோன்றியிருக்கும். படியெடுப்பதில் தற்செயலாக நேர்ந்த பிழை அது. ஆதலால், தாய் உண்ட உணவையோ, பிறந்த நாளையோ, பிறர் கண்ணேற்றையோ இதற்குக் காரணமாக்கிப் பழித்தல் பொருந்தாது. துன்புறும் தாய்க்கு இவ்வுண்மையே பெரியதோர் ஆறுதலாகும்.

நட்சன் கண்டது கணக்கு வழியே பெற்ற முடிவு. அந்த மரபணுவை அவர் கண்ணால் கண்டதில்லை. அதைத் தேடும் பணி பிறரால் தொடரப்பட்டது. நோயுற்ற குழந்தைகள் சிலரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி காணாமற்போயிருப்பதை நுண்ணோக்கி காட்டிற்று. தேடும் மரபணு அவ்விடத்தில் இருக்க வேண்டும் என்று அறிஞர் கருதினர். 1983ஆம் ஆண்டில் வெப்ஸ்டர் கவினீ என்பவரும் உடனுழைத்தோரும், நோயாளியின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இரத்தத்தில் 13ஆம் குரோமோசோமின் இரு படிகளும் இருந்தன. கட்டியிலோ அவற்றுள் ஒன்றின் அடையாளம் மறைந்துவிட்டிருந்தது. நல்ல படி தொலைந்து கெட்ட படி மட்டும் எஞ்சியதை இது காட்டிற்று. நட்சன் கணக்கிட்டுக் கூறிய இரண்டாம் கேடு இதுவே. பின்னர் 1986ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஆராய்ச்சி செய்த ஸ்டீபன் ஃபிரெண்ட், தாடியஸ் டிரைஜா, ராபர்ட் வைன்பர்க் ஆகியோர் உடனுழைத்தோருடன் சேர்ந்து அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். புற்றைத் தடுக்கும் மரபணுக்களுள் மனிதன் கைக்கு முதன்முதலாகக் கிட்டியது இதுவே. இதற்கு ஆர்.பி. மரபணு என்று பெயர்.

நோயின் பெயரால் வழங்கினும், இம்மரபணு நோயை உண்டாக்குவதற்காக அமைந்ததன்று. நோயைத் தடுப்பதற்கு உதவுவது. ஆர்.பி. மரபணுவின் குறிப்புப்படி உயிரணுவில் ஒரு புரதம் ஆக்கப்படுகிறது. 928 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது அது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமாயின், முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்தல் வேண்டும். அந்தப் பணிக்கு வேண்டிய மரபணுக்களைத் தட்டி எழுப்புவது ஈ2எஃப் என்னும் மற்றொரு புரதம். ஆர்.பி. புரதம் இந்த ஈ2எஃப் புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அதனைச் செயற்படவொட்டாமல் நிறுத்தி வைக்கிறது. உடலுக்கு வளர்ச்சி தேவைப்படும்போது, அதற்குரிய செய்தி உயிரணுவுக்கு வருகிறது. அச்செய்தியைப் பெற்ற நொதிகள் ஆர்.பி. புரதத்தின்மீது பாஸ்பேட் என்னும் சிறு கூறுகளை ஒட்டுகின்றன. உடனே அதன் பிடி தளர்கிறது, ஈ2எஃப் விடுபடுகிறது, உயிரணு பிரிகிறது. பிரிந்து முடிந்த பின், பாஸ்பேட் கூறுகள் நீங்க, ஆர்.பி. புரதம் மீண்டும் தன் பிடியை இறுக்குகிறது. இரண்டு படிகளும் கெட்ட உயிரணுவில் இந்தப் புரதமே இல்லை. பற்றி நிறுத்துவார் இன்மையால் ஈ2எஃப் ஓயாது உழைக்கிறது. உயிரணு, கேட்பாரின்றிப் பெருகுகிறது.

ஆர்.பி. மரபணு கண்ணுக்கு மட்டும் உரியது என்று எண்ணுதல் வேண்டா. உடலின் உயிரணுக்கள் பலவற்றிலும் அது பணியாற்றுகிறது. கெட்ட படியுடன் பிறந்தோர், கண்ணில் வந்த நோய் நீங்கிய பின்னரும், பிற்காலத்தில் எலும்புப் புற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவரினும் மிகுதி. புகைபிடிப்போர்க்குப் பெரும்பாலும் வரும் சிற்றணு நுரையீரல் புற்றில், இம்மரபணு பெரும்பாலும் அழிந்தே காணப்படுகிறது. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றின் கதை வேறு வகையானது. எச்.பி.வி. என்னும் வைரசு உயிரணுவினுள் புகுந்து, ஈ7 என்னும் தன் புரதத்தை ஏவி, ஆர்.பி. புரதத்தைப் பிடித்துச் செயலற்றதாக்குகிறது. மரபணு நல்லதாகவே இருக்கிறது. அது ஆக்கிய காவலனோ கட்டுண்டு கிடக்கிறான். இந்த வைரசுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த வைரசைத் தடுக்கும் ஊசிமருந்து 2006ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது.

ஆர்.பி. புரதம் பணிபுரியும் முறையை அறிந்ததனால் மருந்தும் பிறந்தது. அதன் பிடியைத் தளர்த்தும் நொதிகளைத் தடுத்துவிட்டால், பிடி தளராது, உயிரணுவும் பெருகாது. இந்தக் கருத்தின் அடிப்படையில் அமைந்த பால்போசிக்லிப் என்னும் மருந்து, ஒரு வகை மார்பகப் புற்றுக்குப் பயன்படுத்த 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தையின் கண்ணை ஆராய்ந்த அறிவு, தாயின் நோய்க்கும் மருந்தாயிற்று.

இனி, நோயுற்ற குழந்தையின் வீட்டிற்கே திரும்புவோம். இன்று அக்குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து, கேடு பிறப்பிலேயே வந்ததா, பின்னர் நேர்ந்ததா என்று பெரும்பாலும் அறிந்துகொள்ள இயலும். பிறப்பிலேயே வந்தது எனின், அதன் தம்பி தங்கையரையும் சோதித்தல் வேண்டும். கெட்ட படியை உடைய ஒருவரின் குழந்தைக்கு அப்படி செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதைப் பெற்ற குழந்தையைப் பிறந்த நாள் முதற்கொண்டே மருத்துவர் அடிக்கடி பார்த்து வருவர். கட்டி கடுகளவாக இருக்கும்போதே கண்டு அழித்துவிடுவர். பெறாத குழந்தைக்கு அத்தகைய சோதனைகள் வேண்டுவதில்லை. மீண்டும் மீண்டும் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்கும் துன்பம் அதற்கு நீங்கும். பெற்றோர்க்கும் கவலை நீங்கும்.

மருத்துவமும் பெரிதும் முன்னேறியுள்ளது. சிறு கட்டியை லேசர் ஒளியால் சுடுவதும், கடுங்குளிரால் உறையச் செய்து அழிப்பதும் உண்டு. மருந்துகளால் கட்டியைச் சுருங்கச் செய்வர். கண்ணுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் வழியே மருந்தை நேரே செலுத்துவதும் உண்டு. நோய் முற்றிய கண்ணையே அகற்ற நேர்ந்தாலும், செயற்கைக் கண் பொருத்தப்பெற்ற குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து, விளையாடி, வளர்ந்து வாழ இயலும். வசதி மிக்க நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் 100க்கு 95க்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகளிலோ இன்னும் பலர் மாள்கின்றனர். இவ்வேறுபாட்டிற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று காலத்தாழ்வு. அங்கே குழந்தை நோயின் தொடக்கத்தில் மருத்துவரிடம் செல்கிறது. இங்கே நோய் கண்ணைக் கடந்த பின்னர்ச் செல்கிறது. உலகில் இந்நோயுறும் குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கும் நாடுகளுள் நம் இந்தியாவும் ஒன்று.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிறு குழந்தைகள் இருக்கலாம். மருத்துவர் காணும் முன்னே அக்குழந்தையின் கண்ணைக் காண்பவர் தாயும், தந்தையும், தூக்கி விளையாடும் நீங்களுமே ஆவீர்கள். குழந்தையின் கண்மணியில் வெண்மையோ பூனைக்கண் போன்ற பளபளப்போ தோன்றினால், அதனைப் பெரியோர்க்கு உடனே தெரிவியுங்கள். புகைப்படத்தில் ஒரு கண்மணி சிவந்தும் மற்றது வெளுத்தும் அடிக்கடி காணப்பட்டாலும் தெரிவியுங்கள். மாறுகண் தோன்றினால், அது நல்லூழின் அறிகுறி என்று கூறிக் காலங்கடத்த விடாதீர்கள். இவ்வறிகுறிகள் எல்லாம் புற்றுக்கே உரியன அல்ல. கண்புரை முதலிய வேறு காரணங்களாலும் கண்மணி வெளுக்கும். மாறுகண்ணுக்கும் வேறு காரணங்கள் பல உண்டு. இன்னது என்று தெளிவது கண் மருத்துவரின் பணி. காலந்தாழ்த்தாமல் அவரிடம் கொண்டு சேர்ப்பதே நம் பணி.

ஆல்ஃபிரட் நட்சன் 93 ஆண்டுகள் வாழ்ந்து, 2016ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஆராய்ந்த குறிப்புகள் 48 குழந்தைகளுடையவை. அந்தச் சிறு எண்ணிக்கையைப் பொறுமையோடு எண்ணிப் பார்த்ததனால், புற்றுநோய் என்பது வளர்க்கும் ஆற்றல் மிகுவதனால் மட்டுமன்றித் தடுக்கும் ஆற்றல் அழிவதனாலும் வருவது என்னும் பேருண்மை புலனாயிற்று. அவர் எண்ணிப் பார்த்தார்; பின்வந்தோர் தேடிக் கண்டனர்; மருத்துவர் காக்கும் வழி வகுத்தனர். ஆயினும், அந்த வழியில் குழந்தையை முதலடி எடுத்து வைக்கச் செய்வது, அதன் முகத்தை அன்போடு உற்று நோக்கும் வீட்டார் கண்ணே ஆகும்.